செங்கோண முக்கோணமும் இருசமபக்க முக்கோணமும்

முக்கோணங்களை இருவகையாகப் பாகுபாடு செய்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். பக்கங்களை நோக்கிச் சமபக்க முக்கோணம், இருசமபக்க முக்கோணம், பக்கங்கள் மூன்றும் வேறுபட்ட முக்கோணம் என்பது ஒரு முறை. கோணங்களை நோக்கிக் குறுங்கோண முக்கோணம், செங்கோண முக்கோணம், விரிகோண முக்கோணம் என்பது மற்றொரு முறை. கிரேக்க ஆசிரியராகிய யூக்ளிட் ஏறக்குறைய கி.மு. 300-இல் இயற்றிய நூலின் முதற் பகுதியிலேயே இவ்விரு முறைகளும் கூறப்பட்டுள்ளன. நம் மாணவர் இவற்றை ஒரே பட்டியலாக மனனம் செய்துவிடுவதால், செங்கோண முக்கோணம் ஓர் இனம், இருசமபக்க முக்கோணம் வேறோர் இனம், இரண்டிற்கும் உறவு யாதுமில்லை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிவிடுகின்றது. கல்லூரிக்கு வந்த பின்னரும் இவ்வெண்ணம் சிலரைவிட்டு நீங்குவதில்லை. உண்மையிலோ, இருசமபக்க முக்கோணம் ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு செங்கோண முக்கோணங்கள் அடங்கியுள்ளன. செங்கோண முக்கோணம் ஒவ்வொன்றினுள்ளும் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் அடங்கியுள்ளன. இவ்வுறவை விளக்குவதும், அதனை அறியாதார்க்கு நேரக்கூடிய நஷ்டத்தைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நஷ்டம் என்று கூறியது மிகையன்று. வடிவ கணிதத்திற்கு நம் நாட்டில் வழங்கிய பழைய பெயர் க்ஷேத்திர கணிதம் என்பது. க்ஷேத்திரம் எனினும் வயல் எனினும் ஒக்கும். கிரேக்கமொழியில் இக்கலைக்கு வழங்கும் பெயருக்கும் நிலத்தை அளத்தல் என்பதே பொருள். ஆதலின் நிலத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கடம்பத்தூர், திருவள்ளூருக்கு மேற்கே, சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளதோர் ஊர். தென்னிந்தியாவில் முதன்முதல் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற புகைவண்டி, 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இத்திசையிலேயே ஓடிற்று. அவ்வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகியதன் பயனாக, நெல் விளைந்த நிலங்கள் பல இன்று வீட்டுமனைகளாகப் பிரிக்கப்பட்டு விலையாகின்றன. நேராகச் செல்லும் தெருவைச் சாய்வாக வரும் இருப்புப்பாதையோ வாய்க்காலோ சந்திக்கும் இடங்களில், முக்கோண வடிவான துண்டு மனைகள் மிஞ்சுவது எங்கும் இயல்பு.

அத்தகைய மனைகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் மனையின் பக்கங்கள் 50 அடி, 50 அடி, 60 அடி. இரண்டாம் மனையின் பக்கங்கள் 50 அடி, 50 அடி, 80 அடி. இரண்டும் இருசமபக்க முக்கோணங்களே. சமபக்கங்கள் இரண்டிலும் ஒரே அளவின. அடிப்பக்கம் மட்டும் இரண்டாவதில் 20 அடி மிகுதி. இவற்றுள் எது பெரியது? எவ்வளவு பெரியது? படிப்போர் மேலே செல்லுமுன் தம் மனத்தில் ஒரு விடையைக் குறித்துக்கொள்வாராக.

கயிறு பிடித்து அளப்போரிடையே பழமையானதொரு கணக்குமுறை உண்டு. நாற்கோண நிலமாயின், எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் ஒன்றோடொன்று பெருக்குவர். முக்கோண நிலமாயின் நான்காம் பக்கம் சூனியம் என்று கொண்டு அவ்வாறே செய்வர். இம்முறைப்படி முதல் மனைக்கு 50-ஐ 30-ஆல் பெருக்க 1500 சதுர அடியும், இரண்டாம் மனைக்கு 50-ஐ 40-ஆல் பெருக்க 2000 சதுர அடியும் கிடைக்கும். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இயற்றிய பிரம்மஸ்புடசித்தாந்தத்திலும் இம்முறை காணப்படுகின்றது. ஆனால் அவர் இதனால் வருவது பருமட்டமான பரப்பே என்று கூறி, நுட்பமான பரப்பைக் காண வேறு வழி வகுத்துத் தந்தார். பின்வந்தோர் பலர் நுட்பத்தை விட்டுப் பருமட்டத்தைப் பற்றிக்கொண்டனர். இதனால் விளையும் பிழை எத்துணைப் பெரிதென்பதை, நாம் எடுத்துக்கொண்ட இரண்டு முக்கோணங்களின் உறவை அறிந்தபின் காண்போம்.

முதலில் இருசமபக்க முக்கோணத்தை ஆராய்வோம். காகிதத்தில் அத்தகைய முக்கோணம் ஒன்றை வெட்டி, சமபக்கங்கள் இரண்டும் ஒன்றன்மேலொன்று பொருந்துமாறு மடித்தால், மடிப்பு உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இறங்கும். அடிப்பக்கத்தின் ஒரு பாதி மறுபாதியின்மேல் படிவதால், நடுப்புள்ளியில் மடிப்பின் இருபுறத்துக் கோணங்களும் சமம். அவை இரண்டும் சேர்ந்து ஒரு நேர்கோடாதலின் ஒவ்வொன்றும் செங்கோணமே. ஆகவே ஒரே மடிப்புக்கோடு உச்சிக்கோணத்தை இரு சமபங்காக்குகின்றது. அடிப்பக்கத்தை இரு சமபங்காக்குகின்றது. அதற்குச் செங்குத்தாகவும் நிற்கின்றது. மூன்று தொழில்களை ஒரு கோடே இயற்றும் இச்சிறப்பு இருசமபக்க முக்கோணத்திற்கே உரியது. மடிப்பின் இருபுறமும் உள்ள செங்கோண முக்கோணங்களுக்கு முக்கோணத்தின் சமபக்கங்களே கர்ணங்களாகின்றன. அடிக்கோணங்கள் இரண்டும் சமம் என்னும் தேற்றமும் இதனால் உடனே பெறப்படும். யூக்ளிட் நூலின் முதற் பகுதியில் 5-ஆவதாக நிற்பதும், மந்தபுத்தியினர் கடக்கமாட்டாதது என்னும் கருத்தில் ஐரோப்பியர் கழுதைப்பாலம் என்று நகைத்ததும் இத்தேற்றமேயாகும். செங்கோண முக்கோணத்தை உள்ளே கண்டவனுக்குப் பாலம் கடத்தல் எளிது.

இதன் பயனைத் தொழிலாளர் நெடுங்காலமாக அறிவர். சமநீளமுள்ள இரு கால்களை உச்சியிற் பிணைத்து, நடுவே குறுக்குச்சட்டம் ஒன்றைப் பூட்டி, உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் ஒரு மட்டக்கருவி அமைந்துவிடும். குண்டின் நூல் குறுக்குச்சட்டத்தின் நடுக்குறியில் விழுமாயின், கால்கள் ஊன்றிய இரண்டு இடங்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்பது துணிபு. எகிப்தியரும் உரோமரும் இக்கருவியைக் கையாண்டனர். இன்றும் மலைச்சரிவுகளில் மண் அரிப்பைத் தடுக்கச் சமமட்டக் கோடுகள் குறிக்கும் உழவர் இதனையே பயன்படுத்துகின்றனர். இருசமபக்க முக்கோணத்தின் நடுக்கோடு அடிப்பக்கத்திற்குச் செங்குத்து என்னும் ஒரே உண்மையன்றி இக்கருவியினுள் வேறு யாதும் இல்லை. ஓட்டு வீட்டின் கைமரங்கள் இருபுறமும் சமமாகச் சாய்ந்து முகட்டில் கூடுவதிலும், தொழிற்சாலைக் கொட்டகைகளின் இரும்புச் சட்டங்களிலும் இவ்வடிவத்தையே காண்கின்றோம்.

கடம்பத்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கூவம் என்னும் ஊருக்குத் திருவிற்கோலம் என்றும் பெயர் உண்டு. முப்புரத்தை எரிக்க வில்லேந்திய கோலத்தால் அப்பெயர் வந்ததென்பது அத்தலத்தின் வரலாறு. அப்பெயரிலுள்ள வில்லே நமக்குப் பாடமாக அமையும். நாணை நடுவிற் பற்றி இழுக்குங்கால் அதன் இருபாதிகளும் சமபக்கங்களாகின்றன. வில்லின் இருமுனைகளையும் இணைக்கும் கோடு அடிப்பக்கமாகின்றது. அம்பு அதனை நடுவே செங்குத்தாக வெட்டி நிற்கின்றது. நாணைச் சிறிது இழுப்பினும் பெரிது இழுப்பினும் அம்பு செல்லும் திசை மாறாமைக்குக் காரணம் இதுவே.

இனி மறுதலையை நோக்குவோம். க, ச, த என்பவற்றை மூலைகளாகவுடைய ஒரு செங்கோண முக்கோணத்தில், செங்கோணம் க என்னும் மூலையில் இருப்பதாகவும், ச-த என்னும் கர்ணத்தின் நடுப்புள்ளி ம எனவும் கொள்வோம். இம்முக்கோணத்தைப் போன்ற மற்றொன்றைக் கர்ணத்தின் மறுபுறம் தலைகீழாகப் பொருத்தினால் ஒரு செவ்வகம் உண்டாகும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம் என்பதும், அவை ஒன்றையொன்று நடுவில் வெட்டும் என்பதும் யாவரும் அறிந்தவை. ஆதலின் ம என்னும் புள்ளியிலிருந்து க, ச, த மூன்றும் ஒரே தூரத்தில் உள்ளன. க-ம என்னும் கோட்டை வரைந்தவுடன் செங்கோண முக்கோணம் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாகப் பிரிந்துவிடுகின்றது. மேலும், ம-வை மையமாக வைத்து வட்டம் வரைந்தால் அது மூன்று மூலைகளின் வழியாகவும் செல்லும். கர்ணமே அவ்வட்டத்தின் விட்டமாகும்.

இதன் மறுதலையும் உண்மை. அரைவட்டத்தில் அமைந்த கோணம் செங்கோணம் என்னும் அத்தேற்றத்தை மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் என்பார் பெயரால் வழங்குவர். யூக்ளிட் நூலின் மூன்றாம் பகுதியில் அது 31-ஆவதாக உள்ளது. அதனை நிறுவும் முறை இருசமபக்க முக்கோணங்களைக்கொண்டே முடிகின்றது. ம-க, ம-ச, ம-த மூன்றும் சமமாதலின், ச என்னும் மூலையிலுள்ள கோணம் க-வில் ஒரு பங்காகத் திரும்ப வருகின்றது. த என்னும் மூலையிலுள்ள கோணம் க-வில் மற்றொரு பங்காகத் திரும்ப வருகின்றது. எனவே ச, த இரண்டும் சேர்ந்தது எவ்வளவோ க அவ்வளவு. மூன்று கோணங்களின் தொகை 180 பாகையாதலின், க என்பது அதிற் பாதியாகிய 90 பாகை. இதற்குமேல் வேறு நிரூபணம் வேண்டுவதில்லை.

இத்தேற்றத்தை அறிந்த கொத்தனாருக்கு மூலைமட்டப் பலகையும் வேண்டா, அளவுநாடாவும் வேண்டா. கடைக்கால் எடுக்குமிடத்தில் ஒரு சுவரின் நூல் கட்டப்பட்டுள்ளது. அதன் முனையாகிய க-வில் மற்றொரு சுவரைச் செங்கோணமாகத் திருப்ப வேண்டும். நூலுக்கு வெளியே மனம்போனவாறு ஓரிடத்தில் ம என்னும் முளையை அடித்து, அதிலிருந்து க வரை ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்க. அக்கயிற்றைச் சுழற்றி, அதன் முனை முதற் சுவரின் நூலை மறுபடியும் தொடும் இடத்தில் ச என்று குறிக்க. பின்னர் ச-விலிருந்து ம வழியாக நேரே சென்று, மறுபுறம் அதே கயிற்றளவில் த என்று குறிக்க. க-வையும் த-வையும் இணைக்கும் கோடு முதற் சுவருக்குச் செங்குத்தாகும். கயிற்றின் நீளம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவேண்டுவதில்லை. நீளம் மாறாதிருந்தாற் போதும். 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து மூலை பார்க்கும் வழக்கமும் நம் கொத்தனாரிடம் உண்டு. அதில் மூன்று அளவுகளும் பிழையின்றி இருத்தல் வேண்டும். இதிலோ ஒரே கயிறு போதுமானது.

ஒரே முக்கோணம் இருவகையிலும் சேர்தல் கூடுமோ எனின், கூடும். செங்கோணத்தை அடக்கிய பக்கங்கள் இரண்டும் சமமானால் அது செங்கோண முக்கோணமும் ஆகும், இருசமபக்க முக்கோணமும் ஆகும். மற்றை இரு கோணங்களும் 45 பாகை வீதம் அமையும். சதுரத்தை மூலைவிட்டத்தால் இரண்டாக வெட்டினால் கிடைப்பது இதுவே. வரைகருவிப் பெட்டியிலுள்ள இரண்டு மூலைமட்டங்களுள் ஒன்று இவ்வடிவினது. இதன் கர்ணத்தை அளத்தல் பண்டைக் கணிதருக்குப் பெரும் சோதனையாக இருந்தது. ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தின்மேல் எழுப்பிய சதுரம் முதற் சதுரத்தைப்போல் இருமடங்கு பரப்புடையது என்று போதாயன சுல்பசூத்திரம் கூறுகின்றது. அவ்வாறாயின் பக்கம் 1 எனில் கர்ணம் 2-இன் வர்க்கமூலம். அதனை எந்தப் பின்னத்தாலும் முழுதும் சொல்ல இயலாது. எனினும் அந்நூல், ஒன்றோடு அதன் மூன்றில் ஒரு பங்கையும், அம்மூன்றில் ஒரு பங்கின் நான்கில் ஒரு பங்கையும் கூட்டி, இறுதியாகச் சேர்த்த அப்பங்கில் 34-இல் ஒரு பங்கைக் கழிக்குமாறு கூறுகின்றது. அவ்வாறு வருவது 577/408.

தமிழ்நாட்டில் போதையனார் பெயரால் வழங்கும் செய்யுளொன்றும் கர்ணத்தைக் காண வழி கூறுகின்றது. நெடிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, எஞ்சியதோடு குறுகிய பக்கத்திற் பாதியைக் கூட்டுக என்பது அதன் கருத்து. வர்க்கமூலம் காணாமலே கணக்கு முடிவது இதன் நயம். பக்கங்கள் 3, 4 எனின் விடை சரியாக 5; பக்கங்கள் 5, 12 எனின் விடை சரியாக 13. ஆனால் பக்கங்கள் இரண்டும் சமமாகும்போது இவ்விதி தளர்ந்துவிடுகின்றது. 50 அடி, 50 அடி எனக் கொண்டால் இவ்விதி தருவது 68¾ அடி. உண்மையான கர்ணமோ 70 அடி 8½ அங்குலத்தை ஒட்டியது. ஏறக்குறைய 2 அடி குறைவு! போதாயனரின் பின்னத்தைக் கொண்டு கணக்கிட்டால் பிழை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கே. விதியை மனனம் செய்வது நன்று. அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அறிவது அதனினும் நன்று.

இப்போது நம் மனைகளுக்குத் திரும்புவோம். முதல் மனையை உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவரை பிரித்தால், 30 அடி அடியும் 50 அடி கர்ணமும் உடைய இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். 50-இன் வர்க்கம் 2500, 30-இன் வர்க்கம் 900, மிச்சம் 1600, அதன் மூலம் 40. ஆகவே உயரம் 40 அடி; பரப்பு 60-ஐ 40-ஆல் பெருக்கியதிற் பாதி, 1200 சதுர அடி. இரண்டாம் மனையைப் பிரித்தால் அடி 40, கர்ணம் 50. ஆகவே உயரம் 30 அடி. பரப்பு 80-ஐ 30-ஆல் பெருக்கியதிற் பாதி, அதுவும் 1200 சதுர அடி! இரண்டு மனைகளும் சமம். 2400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்னும் சென்னை வழக்கின்படி ஒவ்வொன்றும் சரியாக அரைக் கிரவுண்டு. பழைய முறையால் இரண்டாம் மனையை 2000 சதுர அடி என்று நம்பி விலை கொடுப்பவன், இல்லாத 800 சதுர அடிக்குப் பணம் கொடுத்தவனாவான். நெடுநாள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக்கொண்டு மனை வாங்கும் குடும்பத்திற்கு இஃது எளிய நஷ்டமன்று.

பரப்புகள் சமமானது தற்செயலன்று. இரண்டு மனைகளும் 30, 40, 50 என்னும் ஒரே செங்கோண முக்கோணத்தின் இரட்டைகளே. அம்முக்கோணத்தின் படிகள் இரண்டை 40 அடிப் பக்கத்தில் ஒட்டினால் முதல் மனை தோன்றும். 30 அடிப் பக்கத்தில் ஒட்டினால் இரண்டாம் மனை தோன்றும். செங்கோணத்தை அடக்கிய பக்கங்கள் இரண்டாதலின், சமமல்லாத அப்பக்கங்களையுடைய செங்கோண முக்கோணம் ஒவ்வொன்றும் உருவத்தால் வேறாய்ப் பரப்பால் ஒன்றாய் உள்ள இரண்டு இருசமபக்க முக்கோணங்களைப் பெற்றெடுக்கின்றது. காகிதத்தில் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்க்கு இவ்வுண்மை கண்கூடு.

இன்னும் ஒன்று. சமபக்கங்கள் 50 அடியாகவே நிற்க, அடிப்பக்கத்தை மட்டும் கூட்டிக்கொண்டே சென்றால் பரப்பு எப்போது பெரிதாகும்? சமபக்கங்களுள் ஒன்றை அடியாகக் கொண்டு நோக்குக. மற்றொன்றின் முனை அதற்குமேல் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அதனைப் பொறுத்தது பரப்பு. அவ்வுயரம் 50 அடிக்கு மேற்படாது. செங்குத்தாக நிற்கும்போது மட்டுமே 50 அடியாகும். ஆகவே எல்லாவற்றினும் பெரியது செங்கோணமுடைய இருசமபக்க முக்கோணமே. அதன் பரப்பு 1250 சதுர அடி. அடிப்பக்கம் 70 அடி 8½ அங்குலத்தைக் கடந்தபின், நீளம் வளர வளர நிலம் தேய்கின்றது. 100 அடியை அடையும்போது மனையே இல்லை. ஒரு கோடுதான் உண்டு.

எல்லா நிலமும் இருசமபக்க முக்கோணமாக இராதே எனின், அதற்கும் விடை உண்டு. எந்த முக்கோணத்திலும் மிகப் பெரிய கோணத்தின் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்திற்குச் செங்குத்து இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் உண்டாகும். ஒவ்வொன்றின் கர்ணத்தின் நடுப்புள்ளியையும் செங்கோண மூலையோடு இணைத்தால் நான்கு இருசமபக்க முக்கோணங்கள் உண்டாகும். ஆகவே நேர்வரம்புடைய எந்நிலமும் இவ்விருவகை முக்கோணங்களாற் கட்டப்பட்டதேயாகும். நம் நாட்டு நில அளவையாளர் வயலின் குறுக்கே ஓர் அடிக்கோட்டைப் பிடித்து, வரப்பின் வளைவுகளிலிருந்து அதற்குச் செங்குத்துகள் இறக்கிப் புலப்படம் வரைவது இக்கருத்துப்பற்றியே. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 7½ மைல் நீளமான அடிக்கோடொன்றை அளந்தார். அதன்மேல் முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிச் சென்ற பெரிய அளவை, பிற்காலத்தில் இமயமலைச் சிகரங்களின் உயரத்தையும் கணித்தது. அவ்வளவையில் ஒரு பக்கத்தையும் கோணங்களையும் கொண்டு மற்றைப் பக்கங்களைக் காணும் விதி, உச்சியிலிருந்து ஒரு செங்குத்தை இறக்குவதால் பிறந்ததே.

நிலம் வாங்கச் செல்லும் உறவினர் நம்மிடம் வந்து, படித்த பிள்ளையாகிய நீ இக்கணக்கைப் பார்த்துச் சொல் என்று கேட்பது கிராமங்களில் இன்றும் நடப்பது. அப்போது பட்டியலை ஒப்புவித்தாற் பயனில்லை. இரண்டு பக்கங்கள் சமமா என்று பார்க்க வேண்டும். சமமாயின் நடுவே ஒரு செங்குத்தை இறக்க வேண்டும். சமமல்லவாயினும் ஒரு செங்குத்தை இறக்கவே வேண்டும். மூன்று பக்கங்களின் அளவும் தெரிந்தால் உயரம் தானே வெளிப்படும். இதற்கு வேண்டுவன ஒரு கயிறும், ஒரு முளையும், வர்க்கமூலம் காணும் பொறுமையுமே.